கசகசாவுக்கு ஒரு காவலறை

தலைமை ஏற்றிருக்கும் மல்லாங்கிணறு தையற்பெண்கள் சங்கத் தலைவி ஞானப்பூ அம்மையார் அவர்களே! வெயிலில் வெந்து பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாழும் தாய்மார்களே! வணக்கம்.

நாற்காலி எங்கே என்று கேட்கிறீர்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு சௌந்தரபாண்டியன் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம்! ஏன் மறுத்தோம்? கேளுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் நாகஜோதி, வளைகுடா நாடொன்றின் தையற்கூடத்து வேலைக்குப் புறப்பட்டார். "அங்க என்னென்ன கொண்டு போகலாம், அண்ணாச்சி?" என்று ஏஜெண்டிடம் கேட்டார். வந்த பதில் என்ன? "எடை கூடாமப் பாத்துக்கம்மா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுறேன்."

மருமகள் குருமா வைத்துச் சாப்பிடட்டும் என்று மாமியார் சுப்பம்மாள் ஒரு பொட்டலம் கசகசா வைத்துக் கட்டினார். நம் மளிகைக் கடைக் கசகசா! கறிக்குழம்பில் கரையும் கசகசா! அந்த நாட்டுச் சட்டத்திலோ அது போதைப்பொருள். விமான நிலையத்தில் பையைப் பிரித்த அதிகாரி அவரைத் தனியறைக்குக் கொண்டுபோனார். "குழம்புக்குப் போடுறதுய்யா, குழம்புக்கு!" என்று கும்பிட்டு அழுதார் நாகஜோதி. அந்தத் தமிழ் அங்கே யாருக்குப் புரியும்? காவலில் வைத்துவிட்டார்கள்.

இங்கே அவர் கணவர் பாண்டீஸ்வரன் ஏஜெண்டிடம் ஓடினார். "அண்ணாச்சி, அவளப் பிடிச்சு வச்சிருக்காக. ஒரு வார்த்த பேசுங்க."

"பெட்டியக் கட்டுனது ஒங்க வீடு. நான் என்னப்பா செய்ய?"

சொல்லலாமா இந்தச் சொல்லை? அவர் அனுப்பிய இன்னொருவர் போன வருஷமே இதே கசகசாவோடு பிடிபட்டுத் திரும்பினார். தெரியும் அவருக்கு! விளம்பரத் தட்டியில் பல் தெரியச் சிரிக்கும் வாய், "கசகசா கூடாது" என்று சொல்ல மறந்ததா? மறுத்ததா?

அங்கே வேலை பார்க்கும் நம் வீரசோழன் ஊர்க்காரர் சிக்கந்தர் விஷயம் கேள்விப்பட்டு, நீதிமன்றத்துக்குப் போய், அது சமையல் பொருள் என்று அரபியில் எடுத்துச் சொன்னார். நாகஜோதியை விட்டார்கள், ஆனால் இனி அந்த நாட்டுக்குள் நுழையக்கூடாதென்று திருப்பி அனுப்பினார்கள். மதுரையில் வந்து இறங்கியவரைக் கட்டிக்கொண்டு, "நாந்தானம்மா ஒன்னய ஜெயில்ல போட்டேன்" என்று கதறினார் சுப்பம்மாள்.

"நீங்க பாசமாத்தான் வச்சீக, அத்த. தெரிஞ்சவுகதான் சொல்லல" என்றார் நாகஜோதி.

என்ன தம்பி? இனி யார் போவார் என்கிறீர்களா? போங்கள்! மழையை நம்பிய மண்ணில் பிறந்தவர்களைப் போகாதே என்று சொல்ல நான் யார்? கேட்டுவிட்டுப் போங்கள்! கையில் இருப்பது வேலை விசாவா, சுற்றுலா விசாவா என்று கேளுங்கள். கொண்டுபோகும் மாத்திரைக்கு அங்கே அனுமதி உண்டா, மருத்துவர் சீட்டு போதுமா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டார் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், கோபித்தால் கோபிக்கட்டும்! பாஸ்போர்ட் நகலையும் நம் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நாளை முதல் அந்த ஏஜெண்டு அலுவலகத்தின் முன்னே நாகஜோதி நிற்கப் போகிறார். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் ஏஜெண்டு சொல்லாததை இவர் சொல்லப் போகிறார். "விரட்டுவாரேம்மா" என்றேன். "ரோட்டுல நிக்கிறதுக்கு அவருகிட்ட எதுக்குக்கா கேக்கணும்?" என்றார்.

நாகஜோதி தனியாக நிற்கலாமா? கூட நிற்கப் போவது யார்? உயரட்டும் கைகள்! இன்னும்! அந்தக் கடைசி வரிசையும்!

மண்ணில் அமர்ந்து மனம் கொடுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. காலையில் அந்த வாசலில் உங்களுக்கு மறுபடியும் வணக்கம் சொல்கிறேன்.