நடுங்கத் தெரியாத சோல்ஜர்

டோல்கேட் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் மிலிட்டரி பேண்ட் போட்டிருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“ஷூட்டிங்ல வெடி வெடிச்சா நா நடுங்கணும் மாமு. எனக்கு ஆடத்தான் வருது.”

“இன்னா படம் அது?”

“சண்டைக்குப் போய் வந்து மனசு ஒடிஞ்ச சோல்ஜருங்க கதை. காஷ்மீர் போவ வசதியில்ல. வள்ளூர் பவர் ஹவுஸ் சாம்பல் மேட்டத்தான் பனின்னு எடுக்கறாங்கோ.”

“நடுங்க வேண்டியதுதானே?”

“நம்ம ஏரியால வெடி வெடிச்சா சாவு ஊர்வலந்தானே? பொணத்துக்கு முன்னால ஆடியே வளந்த காலு. பத்து சோல்ஜரும் துப்பாக்கியத் தூக்கிக்கினு ஆடிட்டோம். டைரக்டரு தலைல கைய வச்சுக்கினு குந்திட்டாரு.”

“அப்பால?”

“டீ குடுக்கற அண்ணன் மட்டும் வெடிச் சத்தம் கேட்டதும் குப்புறப் படுத்துட்டாரு. கேன் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். நெசமாவே பட்டாளத்துல இருந்தவராம். எங்களுக்குத் தெரியாது.”

நண்பர் சிரிப்பை நிறுத்தினார்.

“நாங்களும் போய் அவரு பக்கத்துல படுத்துக்கினோம். அவரு எய்ந்திருக்கற வரைக்கும் ஒருத்தனும் எய்ந்திருக்கல.”

“டைரக்டரு திட்டலையா?”

“அவரும்தான் படுத்தாரு. வெள்ள சட்டையோட, அந்தச் சாம்பல்ல.”