புதன்கிழமை மண்

பூனைக்கு மண் மாற்றுவது ஒன்றும் பெரிய சோலியில்லை, அய்யா. பெட்டியின் அடியில் ஒரு கை அடுப்புச் சாம்பல், அதன் மேல் சலித்த மணல் நாலு விரல் உயரம். காலையிலும் சாயங்காலமும் கட்டி பிடித்ததை மட்டும் ஓட்டைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் போதும். வாரத்துக்கு ஒருதரம் பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மொத்த மண்ணையும் மாற்றவேண்டும். பூனை சுத்தமான சீவன். அழுக்குப் பெட்டியில் கால் வைக்காது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது முத்துப்பிரியா, எங்கள் அண்ணன் ராக்கையாவின் மகள். அண்ணனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதும் கோயம்புத்தூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள். மதினி போய்ச் சேர்ந்து ஆறு வருசமாகிறது. அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தான் வளர்த்த பூனையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். "ரெண்டு பேரையும் ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் சித்தப்பா" என்றாள். நானும் சரி ஆத்தா என்றேன்.

வியாழக்கிழமைதோறும் நர்சம்மா மாயக்காள் வருவாள். பிரஷர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள். முதல் வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், அந்தப் புண் ஆளைக் கொண்டுபோய்விடும் என்று. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

புரட்டுவது எனக்குப் புதிசும் இல்லை. பதினேழு வயதில் அண்ணன் என்னை மலைக்கு அனுப்பினார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் முப்பத்தெட்டு வருசம். தட்டில் பரப்பிய காயை நேரம் தவறாமல் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும், அசந்தால் பச்சை நிறம் போய்விடும். புகையில் கண் போய், நெஞ்சு போய், அதே வேலை. அண்ணன் ஒருநாள் கூட ஜீப்பு ஏறி வந்து பார்த்ததில்லை. எனக்கு ஒரு பெண் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. இனிமேல் புரட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துத்தான் மலையிறங்கி வந்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் புரட்டினேன். ஒருநாள் மத்தியானம் முற்றத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அண்ணன், "கண்ணுச்சாமி, ஒருக்காப் பெரட்டிப் போடுப்பு" என்று கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. மணலைச் சலித்து முடித்தேன். பெட்டியை நிரப்பினேன். பிறகு காபி போட்டுக் குடித்தேன். அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு லேசாக இருந்தது.

புண் முதலில் புளியங்கொட்டை அளவுதான். நர்சம்மாவிடம் காட்டியிருந்தால் தேனி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பாள். முத்துப்பிரியா ஓடிவருவாள். சித்தப்பா பார்க்கவில்லை என்று நாலு பேர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் வாடை வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை நர்சம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன அண்ணே, பூனைப் பெட்டிய மாத்தவே மாட்டீகளா? இப்பிடி நாறுது" என்றாள். பெட்டி அன்றைக்குக் காலையில்தான் கழுவியது. மாத்திர்றேன் தாயி என்றேன். அவள் பிரஷர் பார்த்துவிட்டு வெரசாக் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் பெட்டியை அள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். வியாழக்கிழமை அவள் போனபின் சுத்தம் செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பூனைக்கு அது தெரியுமா? மூன்றாம் நாள் பெட்டியை மோந்து பார்த்தது, சுவரேறிப் போனது, திரும்பவில்லை. எனக்கு வருத்தம்தான்.

பூனை இல்லாவிட்டால் பெட்டி காய்ந்துவிடும். கீழத்தெருவில் வீடு கட்டக் கொட்டிய எம்சாண்ட் மணல் குவியல் இருக்கிறது. தெருப்பூனைகள் எல்லாம் அங்கேதான் வெளிக்கு இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் ஒரு வாளி எடுத்துக்கொண்டு போவேன். ஈரமாக, புதிதாக இருப்பதைப் பார்த்து அள்ளிவந்து பெட்டியில் போடுவேன். ஏழு வாரம்.

ஆறாவது வாரம் அண்ணன் நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல கை அது, பலம் இருந்தது. "பூன போயி ஒரு மாசத்துக்கு மேலாச்சு தாயி. நாத்தம் எங்கிட்டருந்து வருது. முதுகப் பாரு" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து பெட்டியை வெளியே இழுத்துக் காட்டினேன். புதிசாக இருந்தது. "அவருக்கு நெனப்புத் தப்பிப் போச்சு தாயி. பூன இப்பத்தான் மாடிக்குப் போச்சு" என்றேன். அவள் பாவப்பட்டு அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். பெட்டியைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் என்னைக் கூப்பிடவே இல்லை. அடுத்த வாரம் நர்சம்மா வந்தபோதும் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். குளிப்பாட்டப் புரட்டியவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தார்கள்.  முத்துப்பிரியா காலி வீட்டில் பூனையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கவனிக்காமல் விட்டதால் இறந்தார் என்று போட்டிருக்கிறீர்கள். அது பொய், அய்யா. ஒரு புதன்கிழமை கூட நான் தவறவில்லை.