கடைசி நாளுக்காக ஒரு ஜெபம்

சுண்ணாம்பு நெடி எங்கே அடித்தாலும், புழு வைக்காமலிருக்கச் சுண்ணாம்பு கலந்து தந்த பங்கீட்டு அரிசிக்காக ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊரான காஜா பேராங்கில் நின்ற வரிசை எனக்குள் நீள்கிறது. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற ஜெபமாலைக்காரி சொன்னாள்:

“உலகம் சீக்கிரம் அழியட்டும்னுதான் தினம் ஜெபம் பண்றேன்.”

“ஏண்டி, இப்ப படுற பாடு பத்தலையா?” என்றாள் பக்கத்திலிருந்த குங்குமப் பொட்டுக்காரி.

“கடைசி நாள்ல செத்தவங்க எல்லாம் எழுந்திருப்பாங்கக்கா. சயாம்ல ரயில் ரோடு போட ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போன எம் புருசன் இருந்தாலும் செத்தாலும் அன்னிக்குப் பாத்துடலாம்.”

“எங்க வீட்டுக்காரரும் அதே லாரிலதானே போனாரு. அவரையும் எழுப்புவாரா உங்க சாமி?”

ஜெபமாலைக்காரி அரிசியை வாங்கி முந்தானையில் முடிந்தாள். புறப்படும்போதுதான் பதில் சொன்னாள்:

“உங்க வீட்டுக்காரர் இல்லாம கள்ளுக்கடைக்கே போகாத மனுசன்க்கா எம் புருசன். மோட்சத்துக்கு மட்டும் தனியாவா போவாரு?”