செல்வி என்றொரு படகு

திருவொற்றியூரில் ரயிலேறிய இரண்டு பெண்கள் லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவள் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்:

"படகுக்கு எம்பேர வெச்சிக்கிறானுங்க. என்னிய மட்டும் ஏத்த மாட்டானுங்களாம்."

"இன்னாக்கா சொல்ற? குப்பத்து ஜனம் எல்லாரும் துடுப்பு போடலாம்னுதான கிளப்பே ஆரம்பிச்சாங்க?"

"அத்த நம்பித்தான் ஞாயித்துக்கெயமெல்லாம் உப்புத்தாள் போட்டு பலகையத் தேச்சேன். நீதான் ஜாஸ்தி ஒயச்சன்னு 'செல்வி'ன்னு பெய்ன்ட்ல எழுதனானுங்க. தண்ணில எறக்கறன்னிக்கு ஆரத்தி எட்க்கச் சொன்னானுங்க, எட்த்தேன். ஏறலாம்னு போனா, பொம்பள கால் பட்டா படகுக்கு ஆவாதாம்."

"தேய்க்க சொல்லோ கை பட்டுதே?"

"கை பரவால்லியாம்."

"யாரு சொன்னது?"

"எம் புருஷந்தான். அந்தாளுதான கிளப்பு செகரட்டரி."



"இப்போ இன்னாக்கா ஆச்சு?"

"அடில பாசி புட்ச்சிகினு கீதாம். நேத்து தேய்க்கக் கூப்ட்டானுங்க."

"போனியா?"

"போனேன்."

வண்ணாரப்பேட்டை வந்தது. மூத்தவள் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எம்பேர மட்டும் தேச்சி எட்த்துட்டு வந்துட்டேன்."