கொடிக்கு மூடாக்கு

— அந்தப் பிளாஸ்டிக்கைத் தூக்கி எறி முதல்ல. உள்ள ஈரம் கோத்துக்கிட்டு வேர் அழுகிப் போயிடும்.

— ராய்ஸ் வாங்கிட்டு வந்தாரு அக்கா.

— யாருக்கு யாருடி அக்கா? நாடீன்னு கூப்பிடு.

— சரி… நாடீன்.

— கொடியை முழங்கால் உயரம் விட்டு வெட்டு. ம்க்கும், இவ்வளவு பயமா? வெட்டினா சாகாது. இந்த கென்டக்கிப் பனியை எத்தனையோ தடவை பாத்த வேர் இது.

— நீங்க வெச்சதாமே?

— ரயில் பாதையோரம் கிடந்ததைத் தோண்டி எடுத்தாந்து வெச்சேன். என் புருஷன் ராய்ஸைப் பிடிச்சுக்கிட்ட, வீட்டைப் பிடிச்சுக்கிட்ட, இந்த ஊதா பேஷன் பூக்கொடியையாவது எடுத்துட்டுப் போறேன்னு கேட்டேன். வாசல்ல கால் வைக்க விட்டானா அவன்? இப்ப நீ கூப்பிட்டு, குளிர் வந்துடுச்சு, கொடியைக் காப்பாத்திக் குடுங்கங்கற. வெக்கமா இல்ல உனக்கு?

— இருக்கு.

— என்ன இருக்கு?

— வெக்கம்.

— நல்லாத்தான் பேசற கெல்சி. இலையைக் கொட்டு. நனைஞ்சதைத் தள்ளு, காஞ்சது மட்டும் போடு. இன்னும் போடு, கஞ்சத்தனம் பண்ணாத. மேல வைக்கோல், அதுக்கு மேல சாக்கு. காத்துல பறக்காம ஓரத்துல கல்லு வை. மே மாசம் வரைக்கும் துளிர் வராது. செத்துப்போச்சுன்னு பிடுங்கி எறிஞ்சுடாத.

— மே மாசம் நான்…

— நீ என்ன?

— ஒண்ணுமில்ல. பூத்தா தெருவே நின்னு பாக்குதுன்னு அவருக்கு ரொம்பப் பெருமை. அதான். ட்ரக்குக்கு டீசல் போடப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு.

— வரட்டும், எனக்கென்ன? என்னை வெளிய தள்ளினதா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறானாம்ல.

— என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. நம்பினேன். பக்கத்து வீட்டு எட்னாதான் சொன்னாங்க, நீங்கதான் அவருக்குப் பயந்து பனியில செருப்புகூட இல்லாம ஓடினீங்கன்னு.

— ஓ, சொல்லிட்டாளா? ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் நின்னா அன்னிக்கு. வெளிய வரல. அந்தப் பேச்சை விடு. வைக்கோலை எடு… ஏன் தெருவையே பாத்துக்கிட்டு நிக்கற?

— நாடீன், வேரை எப்படி மூடறதுன்னு எனக்குத் தெரியும். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்.

— அப்புறம் எதுக்குடி என்னை வரச் சொன்ன?

— நான் யாருக்குப் போன் போட்டாலும் அவர் போனை வாங்கிப் பாப்பாரு. கொடியைப் பத்திக் கேக்கணும்னு சொன்னதாலதான் உங்களைக் கூப்பிட விட்டாரு.

— கெல்சி… இங்க பாரு. என்னைப் பாத்துப் பேசு.

— நேரமில்ல. ட்ரக் சத்தம் கேக்கறதுக்குள்ள சொல்லுங்க. அன்னிக்கு எந்தப் பக்கமா ஓடினீங்க? யாரு உங்களுக்குக் கதவைத் தொறந்தாங்க?