ஜீப்பைத் தள்ளியவர்களுக்குக் காபி

ருக்கு மாமி காபியில் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவார். எனக்கு அதில் புகார் ஒன்றும் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்த அனைத்துக்கும் ஆரம்பம் அந்தக் காபிதான்.

மாமியின் வீட்டுக்காரர் சீனிவாசராகவன் சார். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தில், எனக்கு எதிர்வீடு. அரசாங்கத்தில் ஆடிட் பார்த்து ரிட்டையர் ஆனவர். ஏலத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் எடுத்து, அதை வாசலிலேயே பிரிப்பதும் பூட்டுவதுமாகப் பொழுதைப் போக்கினார். மெக்கானிக் யாரையும் கிட்டே அண்டவிட மாட்டார். ஸ்டார்ட்டர் மோட்டார் கருகிப்போனபோதுகூட, "நானே மாத்திக்கறேன். எனக்கென்ன ஸ்பானர் பிடிக்கத் தெரியாதா?" என்றுதான் கேட்டார்.

மாற்று மோட்டார் கிடைக்க ஒரு வாரம் ஆனது. சார் காலையில் பெருமாள் கோயிலுக்குப் போயாக வேண்டும். ஆகவே நானும், பால் பூத் முனிராஜும், இஸ்திரி வண்டி பவுலின் அக்காவும் சேர்ந்து ஜீப்பைத் தள்ளினோம். "தள்ளு குரு, தள்ளு!" என்று முனிராஜ் கத்துவான்; அவனுக்கு எல்லோருமே குருதான். சந்தின் இறக்கத்தில் அது இருமிக்கொண்டு, கரும்புகை விட்டுக்கொண்டு கிளம்பும். மாமி உடனே தட்டில் காபியோடு வந்துவிடுவார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும், "ராத்திரி தூங்கினேளா அண்ணா?" என்று கேட்பார். என் மனைவி மரகதம் போன பிறகு என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை. மெஸ்காரன் டோக்கனைத்தான் கேட்பான்.

மோட்டார் வந்தது. சார் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பூட்டினார். டார்ச் பிடித்தது நான். "பாருங்கோ பழனிச்சாமி, கரண்ட் போற வழி மட்டும் இருந்தாப் போறாது, திரும்பி வர வழியும் வேணும். இந்த எர்த் ஒயர் லூஸாச்சுன்னா, எப்பேர்ப்பட்ட மோட்டாரும் 'டொக்'குன்னு நின்னுடும்" என்று விளக்கி, அந்த நட்டைத் தன் கையாலேயே இறுக்கினார். சொல்லிக்கொடுத்ததே அவர்தான். பழி முழுவதையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஜீப் சாவியைத் திருகியதும் கிளம்பியது. எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் தள்ளவும் இல்லை, காபியும் இல்லை.

போய்க் கேட்டால் என்ன என்பீர்கள். ஒரு வீட்டு வாசலில் போய் நின்று காபி கேட்க, எனக்கென்ன மானம் ஈனம் இல்லையா? அதனால், ஜீப்பைத் துடைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். வண்டி துடைக்கிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? குனிந்து அந்த நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவ்வளவுதான். காலையில் 'டொக்'. தள்ளினோம். காபி அன்று பிரமாதம்.

சார் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார், எர்த் ஒயரைத் தவிர. ஆடிட்காரர் அல்லவா, தான் ஒருமுறை பார்த்து முடித்த ஃபைலை மறுபடி திறக்க மாட்டார். மோட்டார்தான் மோசம் என்று முடிவு கட்டி இன்னொன்று வாங்கினார். மறுபடியும் டார்ச் பிடித்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில் நட்டை இறுக்கிவிட்டேன். ஜீப் சீறிக்கொண்டு கிளம்பியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தை மாதிரி கைதட்டினார். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவனும் நான்தான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சில நாள் அனுபவிக்கட்டும் என்று விட்டுத்தான் மறுபடி தளர்த்தினேன்.

அடுத்த மோட்டாரை மாட்டும்போது அது நழுவி அவர் கட்டைவிரல் மேல் விழுந்தது. நகம் கறுத்துவிட்டது. எண்ணெய் போட்டுத் துணி சுற்றிவிட்டேன். மாமி மருந்துக் கடைக்கு ஓடியதில் அன்று காபி ஆறிப்போயிருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

"போறும் பழனிச்சாமி. என் கை போயிடுத்து. இனிமே எனக்கு ஒண்ணும் வராது" என்றார் சார். அழுதுவிடுவார் போலிருந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால், தூங்கினாயா என்று அப்புறம் என்னை யார் கேட்பார்கள்? "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான் சார்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜீப் காயலான் கடைக்குப் போனது. ஸ்பானர் பெட்டியை என் கையில் கொடுத்து, "உங்ககிட்டயே இருக்கட்டும். கஷ்டத்துல கூடவே இருந்தது நீங்கதான்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் அவர் பையன் ஷ்ரேயாஸ் அப்பாவுக்கு ஒரு சின்னப் பெட்ரோல் கார் வாங்கிக் கொடுத்தான். நேற்றுத்தான் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சாவியைத் தொட்டதும் கிளம்பிவிட்டது. மாமி உள்ளேயிருந்து எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்.

"ஏன் அண்ணா, வண்டி தானா கிளம்பற நாள்ல நீங்க இந்தப் பக்கமே வரமாட்டேங்கறேள்? உங்களுக்குன்னு தினமும் ஒரு டம்ளர் டிகாஷன் எடுத்து வெச்சுண்டுதான் இருந்தேன். ஆறிப்போய் நானே குடிச்சேன். இனிமே தள்ளறதுக்கு ஒண்ணுமில்லை. சும்மா வாங்கோ."

மனசு கரைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது, மறைப்பானேன். வீட்டுக்கு வந்து பொறுமையாக யோசித்தேன். ஆனால் சும்மா போய் எப்படிக் குடிப்பது? உழைக்காமல் அடுத்தவர் வீட்டில் கை நீட்டுகிற ஆள் இல்லை நான். எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

சாயங்காலம் புதுக் காரைத் துடைத்துத் தருவதாகச் சாரிடம் சொல்லியிருக்கிறேன். பெட்டியில் அதற்குப் பொருந்துகிற ஸ்பானரும் இருக்கிறது. நாளைக் காலையில் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும்படி முனிராஜிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று.