பதினொரு இரங்கல் கூட்டங்கள்

சளி பிடித்தால் மற்றவர்களுக்குக் குரல் கெடும். எனக்கு அப்போதுதான் குரல் கனிந்து வரும். இரண்டு நாளாக எனக்கு நல்ல சளி. இந்த நேரம் பார்த்து என்னை மேடையேறக் கூடாது என்று சொல்லி, ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். தலைமையாசிரியர் இன்னாசிராஜ் அவர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதை எழுதுகிறேன்.

சரித்திர ஆசிரியர் அழகர்சாமியாகிய நான் இந்த ஸ்ரீரங்கம் பள்ளியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். 1955 வரை காலைக் கூட்டம், பேச்சுப் போட்டி, விவாத மேடை எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. நீங்கள் போன ஜூனில்தான் முசிறியிலிருந்து மாற்றலாகி வந்தீர்கள்; இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த 1955-ஆம் வருடம் 'நாட்டுக்குத் தேவை ஏரா, எந்திரமா' என்று ஒரு விவாதம் வைத்தோம். பையன்கள் எட்டுப் பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். நடுவராக இருந்த நான் தீர்ப்புச் சொன்னேன். தீர்ப்பு ஒரு மணி ஐந்து நிமிடம் நீண்டதாகச் சொல்கிறார்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை. பொன்மலைப் பையன்கள் ரயிலைத் தவறவிட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாளே முந்தைய தலைமையாசிரியர் மேடையை எல்லாம் தமிழாசிரியர் வீரமலையிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆண்டு விழாவும் அவருக்கு, சுதந்திர தினமும் அவருக்கு. இரங்கல் கூட்டம் ஒன்றை மட்டும் அபசகுனம் என்று வீரமலை தொடவில்லை. அது என்னிடம் மிஞ்சியது.

அதை நான் மனதாரச் செய்தேன். பழைய கணக்கு வாத்தியார் ஒருவர் இறந்தபோது முதல் உரை. அறுநூறு பையன்கள் அசையாமல் நின்றார்கள். முன்வரிசையில் ஒருவன் தேம்பினான்; அவன் அந்த வாத்தியாரைப் பார்த்ததுகூடக் கிடையாது. இரண்டு நிமிட மௌனம் முடிந்து அரை நாள் விடுமுறை விட்டார்கள். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன். மேடை இல்லாத நாளில் எனக்குச் சோறு இறங்காது சார், அதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அதன் பிறகு எட்டு மாதம் ஒருவரும் சாகவில்லை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருபத்தாறு பேர் உள்ள ஒரு பள்ளிக்கு எட்டு மாதம் என்பது கொஞ்சம் அதிகம்.

ஓவிய ஆசிரியர் அழகிரி ஓய்வுபெற்று நாகபுரியில் மகனோடு இருந்தார். இந்தப் பக்கம் திரும்புகிற எண்ணமே அவருக்கு இல்லை. அவர் மகன் எழுதியதைப் போல, இடது கையால், ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அப்பா ஞாயிறு காலை காலமானார், பள்ளிக்குத் தெரிவிக்கவும், அவ்வளவுதான். முந்தைய தலைமையாசிரியர் படித்தார். படித்த கையோடு நாலாகக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். சாவுச் செய்தி வந்த கார்டை நம் பக்கத்தில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. எழுத்து யாருடையது, முத்திரை எந்த ஊருடையது என்று அதைத் திருப்பிப் பார்ப்பவரும் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு நான் மேடையில் இருந்தேன்.

இப்படியே ஐந்து வருடத்தில் ஒன்பது பேர். எல்லோரும் தூரத்தில் இருப்பவர்கள். உயிரோடு இருந்தபோது ஒரு மாலைகூட வாங்காதவர்கள். இரங்கல் தீர்மானத்தின் நகலைக் குடும்பத்துக்கு அனுப்புவது பள்ளி வழக்கம். அதை நானே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொள்வேன். சாயங்காலம் உலாவப் போகும்போது கொள்ளிடத்தில் விட்டுவிடுவேன். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் புதைப்பேன். பையன்கள் எனக்கு 'இரங்கல் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுப்பாடம் முடிக்காத நாளில் வாசலிலேயே மறித்து, "யாராவது போயிட்டாங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்பார்கள்.

அந்த ஒன்பது பேரில் அழகிரி மட்டும் இரண்டு வருடம் கழித்து உண்மையிலேயே போய்விட்டார். அவர் மகனிடமிருந்து நிஜமான கார்டு வந்தது. "பாவம், துக்கத்துல ரெண்டாந்தடவையும் எழுதியிருக்கார்" என்று சொல்லித் தலைமையாசிரியர் அதையும் கிழித்துவிட்டார். அழகிரிக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கூட்டம் ஏற்கெனவே சிறப்பாக நடந்திருந்தது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பத்தாவது கார்டை உங்கள் மேசையில் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் அதைக் கிழிக்கவில்லை. இறந்தவர் ஆன்மா சாந்தியடைய மனதுக்குள் ஜெபித்துவிட்டு, அதில் துளை போட்டு ஃபைலில் கோத்தீர்கள். உங்கள் சபையில் சாவு கார்டைக் கிழிக்கும் வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியாது. சரித்திரம் படித்தவன் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு பிழையை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

பதினோராவது ஆள் டிரில் மாஸ்டர் தங்கையன். ஜாம்ஷெட்பூரில் மகன் வீட்டில் இருந்தார். அவருக்கு நான் பேசியது என் உரைகளிலேயே இரண்டாவது சிறந்தது. பிரம்பையே தொடாத கை என்றேன். அவரிடம் அடி வாங்கிய பெரிய பையன்களே கண்ணைத் துடைத்தார்கள். கூட்டம் முடிந்து நகலைக் கேட்டபோது, குமாஸ்தா பிச்சை அதை அன்றே தபாலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். ஆபீஸ் வேலையை ஆபீஸ்தான் செய்ய வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போட்டிருந்தீர்களாம்.

பதிவேட்டில் இருந்தது லால்குடி விலாசம். அங்கே தங்கையனின் மனைவி சந்திரம்மாள், தங்கை மகளின் பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்தார். பள்ளியின் வட்ட முத்திரை போட்ட காகிதத்தை யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டில் சொந்தம் கூடிவிட்டது. ஜாம்ஷெட்பூருக்குத் தந்தி கொடுத்துப் பதில் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அந்த அம்மாள் பொட்டில்லாமல், பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள்தான் சார், முப்பது நாள் அல்ல.

போன திங்கட்கிழமை, ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்து சேர்ந்த தங்கையனும் சந்திரம்மாளும் உங்கள் அறைக்கு வந்ததை நீங்களே பார்த்தீர்கள். நீங்கள் ஃபைலைத் திறந்து, ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்ததாகச் சொன்ன கார்டில் ஸ்ரீரங்கம் முத்திரை இருப்பதைக் காட்டினீர்கள். பத்தாவது கார்டிலும் அதே முத்திரை. என்னைக் கூப்பிட்டீர்கள். நான் மறுக்கவில்லை. தங்கையன் தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"இதுல கொஞ்சந்தானே இருக்கு? மேடையில இன்னும் நிறைய சொன்னீங்களாமே. அதையும் எழுதித் தருவீங்களா? இவ நம்ப மாட்டேங்கறா" என்று என்னிடம் கேட்டார்.

சந்திரம்மாள் அவரைப் பேச விடவில்லை. "மூணு நாளு என்னை உயிரோட எரிச்சீங்களே. உங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்கல்ல?"

"கூட்டத்துக்கு நீங்க வந்திருக்கணும்மா" என்றேன். "கேட்டிருந்தா மனசு ஆறியிருக்கும்."

உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு நீங்கள் ஏன் எழுந்து நின்றீர்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதித் தரும்படி மெமோவில் கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். இனி யாருக்காகவும் கார்டு எழுத மாட்டேன். பதிலுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். என்னை நீக்குவதானால் இன்னும் ஒரு கூட்டத்துக்குப் பிறகு நீக்குங்கள்.

போன மாதம் பையன்களோடு மலைக்கோட்டை ஏறியபோது நீங்கள் மூன்று இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அன்றே உங்களுக்கான உரையை எழுதி முடித்துவிட்டேன். நாலு பக்கம். நான் எழுதியவற்றில் அதற்குத்தான் முதல் இடம். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடி மலைக்கோட்டை என்று நோட்டீஸ் பார்த்தேன். படியேறும்போது உங்கள் கூடவே வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். சொன்னபடி, கார்டு எதுவும் எழுதவில்லை. கார்டு போட்டால் ஆள் திரும்பி வந்துவிடுகிறார்.